ஐப்பசி மழையும் 41 அமினோ அமிலங்களும்

"தேவையில்லாத பயம் அம்மா இது. எதையும் யோசிக்காமல் படுத்துத் தூங்குங்கள்." மண்சரிவுக்குப் பயந்து மழை இரவுகளில் தூங்காமல் விழித்திருக்கும் என் அத்தையிடம், சென்ற மார்கழியில் ஒரு கிளினிக்கில் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. சொன்ன டாக்டர் கெட்டவர் அல்லர். வெளியே வாங்கிலும் படிக்கட்டிலுமாகச் சனம் நிறைந்திருந்தது. காலையிலிருந்து அவர் நிமிரவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணிமையை இழுத்து இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்த்தார், இரவில் போடுவதற்கு ஒரு கிழமை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தை "சரிங்க ஐயா" என்று துண்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் மறுத்துப் பேசுகிறவர் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு என்னைவிட்டுப் போக மறுத்தது. மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பயம் தேவையானதா தேவையில்லாததா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்? அந்த அறையில் யாரும் அத்தையின் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

நான் இலங்கையின் மலையகத்தில், பதுளை மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மூளையின் அடியிலுள்ள ஐப்போதலமஸ், அதன் கீழே தொங்கும் கபச்சுரப்பி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவது என் அன்றாடத் தொழில். பரீட்சைக்கு அது போதும். அத்தையின் விஷயத்தில் போதவில்லை. ஆகவே வாசிக்கத் தொடங்கினேன். மூளை சுரக்கும் சின்னஞ்சிறு புரதத் துண்டுகளைப் பற்றியும், அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளைப் பற்றியும் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகள் அத்தையின் இஸ்தோப்புக்கு, அதாவது வீட்டு முன்திண்ணைக்கு, இவ்வளவு அருகில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து வருகிறது. அத்தையின் விழிப்பை நோய் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை உணர்ச்சியால் மட்டும் சொல்லாமல், என் பாடத்தின் வழியாகவும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அவர் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், கொஸ்லாந்தைப் பக்கம், சரிவின் நடுவில் இருக்கிறது. இரவில் மழை வலுத்தால் அவர் படுப்பதில்லை. இஸ்தோப்பில் சாக்கை விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். காலில் செருப்பு கழற்றாமல் இருக்கும். கதவோரத்து ஆணியில் ஒரு பை தொங்கும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதிக் கடதாசிகள், பேரனின் தடுப்பூசி அட்டை எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். அவர் குடியிருக்கும் அறையான காம்பராவின் பின்சுவரில் கூரையிலிருந்து ஒரு வெடிப்பு கோணலாக இறங்குகிறது. அதற்குக் குறுக்கே அடுப்புக்கரியால் கோடுகள் போட்டிருக்கிறார். ஒவ்வொரு கோட்டின் இரண்டு பாதியும் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பார். கதவைத் திறந்து மூடுவார். நிலை இறுகி, கதவு தரையில் உரசினால் கட்டிடம் நகர்கிறது என்று அர்த்தம். பின்கானில் ஓடும் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் அள்ளி, வெளிச்சத்தில் அதன் நிறத்தைப் பார்ப்பார். தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கினால் கெட்ட செய்தி. இரைந்து ஓடும் ஓடை மழைக்குள்ளேயே அடங்கிப்போனால் அதைவிடக் கெட்ட செய்தி. மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்பவையும் ஏறத்தாழ இவையே. அத்தை அவற்றை எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் வாசித்தவர் இல்லை. தன் மாமியாரிடமிருந்து கொஞ்சம், பக்கத்து லயத்திலிருந்து கொஞ்சம், மிச்சத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, ஐப்பசி அடைமழையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அத்தையோடு ஒன்றாகக் கொழுந்து பறித்து, பிறகு அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன ஒருவர் அன்றைக்குத் திரும்பவில்லை. அத்தை தூங்காத இரவுகள் அந்த ஐப்பசியிலிருந்து தொடங்கியவை. சென்ற கார்த்திகையில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் எத்தனை சரிவுகள் இறங்கின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் நான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

செம்மறியாட்டு மூளையில் தேடியது

அந்தப் புயல் இரவில் அத்தை பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, லயத்திலிருந்து பள்ளிக்கூட மண்டபம் வரை இருட்டில் இறங்கி ஓடினார். வழியில் பிய்ந்து கிடந்த கூரைத் தகரம் ஒன்று செருப்பையும் கிழித்து உள்ளங்காலையும் கிழித்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு, ஆட்களை எண்ணி, பக்கத்துக் காம்பராக் கிழவிக்குப் பாய் தேடிக் கொடுத்து, பிறகு யாரோ "தரையில் இரத்தம்" என்று சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாராம். அதன் பிறகு வலி தாங்க முடியவில்லை. "அதுவரைக்கும் கால் என்று ஒன்று எனக்கு இருக்கவே இல்லை" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை விளக்கவே மூளை விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1955இல், ஒன்றையொன்று சாராத இரண்டு ஆய்வுக்குழுக்கள், ஐப்போதலமஸிலிருந்து ஏதோ ஒரு பொருள் வந்து கபச்சுரப்பியை முடுக்குகிறது என்று காட்டின. அந்த ஏதோ ஒன்று என்னவென்று கண்டுபிடிப்பதற்குள் 26 ஆண்டுகள் ஓடிவிட்டன. அது மூளையில் அவ்வளவு சொற்பமாக இருக்கிறது. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் வைலி வேல் என்பவரும் அவருடைய சகாக்களும் ஏறத்தாழ 5 இலட்சம் செம்மறியாடுகளின் ஐப்போதலமஸ் துணுக்குகளைச் சேகரித்து, அரைத்து, வடித்து, பிரித்து, கடைசியில் 1981இல் அதன் முழு அமைப்பை வெளியிட்டார்கள். 41 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்டைடு, அதாவது சின்னப் புரதத் துண்டு. கோர்ட்டிகோட்ரோபினை வெளியிடவைக்கும் காரணி என்ற பொருளில், சுருக்கமாக சி.ஆர்.எஃப். என்று அழைக்கிறார்கள். வகுப்பில் நான் ஒரே மூச்சில் சொல்லிக் கடக்கும் ஓர் அம்புக்குறிக்குப் பின்னால் இத்தனை பேருடைய ஆயுள் போயிருக்கிறது. இப்போதெல்லாம் அந்த அம்புக்குறியைப் போடும்போது கொஞ்சம் நின்று, அந்த ஆட்டு மந்தைகளைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

வேலின் குழு வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. சி.ஆர்.எஃப். கபச்சுரப்பியைத் தொட்டால் ஏ.சி.டி.எச். என்ற ஓமோனும் (கோர்ட்டிகோட்ரோபின் என்பதும் இதுதான்) வெளிவருகிறது, பீட்டா-எண்டோர்பினும் வெளிவருகிறது. இரண்டும் ஒரே தாய்ப்புரதத்திலிருந்து வெட்டியெடுக்கப்படும் துண்டுகள். முதலாவது இரத்தத்தின் வழியே அட்ரினல் சுரப்பிக்குப் போய்க் கோர்ட்டிசோலைச் சுரக்கவைக்கிறது. ஓடுவதற்கு வேண்டிய சர்க்கரை இரத்தத்தில் ஏறுகிறது. இரண்டாவது அபின் இனத்துப் பொருள். ஆபத்து வேளையில் மூளையும் முண்ணாணும் தாமாகவே சுரக்கும் இத்தகைய பொருள்கள் வலியின் பாதையை அடைத்துவிடுகின்றன. பிள்ளையைக் காப்பாற்றும்வரை கால் வலிக்காமல் இருந்தது, பிறகு வலித்தது, இரண்டுக்கும் காரணம் இந்த ஏற்பாடுதான். வேலை முடிந்ததும் கோர்ட்டிசோல் திரும்ப மூளைக்கு வந்து "போதும்" என்று சொல்லிச் சுரப்பை நிறுத்த வேண்டும். 1968இல் புரூஸ் மெக்யூவன் என்ற நியூயோர்க் விஞ்ஞானி, எலியின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகம்பஸ் பகுதியில் கோர்ட்டிசோலுக்கு நிகரான எலியின் ஓமோன் போய்த் தங்குவதைக் கண்டார். மன அழுத்தத்தின் ஓமோன் நினைவின் வீட்டுக்குள்ளேயே ஏற்பிகளை வைத்திருக்கிறது என்பது அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. மழையின் சத்தம் ஏன் 2014இன் சத்தமாகவே அத்தைக்குக் கேட்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்டுபிடிப்பு ஞாபகம் வருகிறது.

மேற்பரப்பிலேயே நின்ற ஏற்பி

சி.ஆர்.எஃப். ஓமோன் வேலையோடு நிற்பதில்லை. மூளைக்குள்ளேயே நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி கொண்டுபோகிறது. அது போகும் இடங்களில் முக்கியமான ஒன்று மூளைத்தண்டில் இருக்கும் லோக்கஸ் செருலியஸ். நீலச் சாயல் கொண்ட ஒரு புள்ளி. மனிதரில் இருபுறமும் சேர்த்தாலும் சில பத்தாயிரம் நரம்புக் கலங்களே அங்கே உண்டு. ஆனால் அவற்றின் இழைகள் மூளையின் மூலைமுடுக்கெல்லாம் பரவி நோரட்ரினலின் என்ற இரசாயனத்தைத் தூவுகின்றன. விழிப்பும் உஷாரும் அங்கிருந்து வருகின்றன. உறக்கத்தில் அந்தக் கலங்கள் அடங்கிப்போகின்றன. ஒரு சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து உட்கார்கிறோமே, அப்போது முதலில் துடிப்பவற்றில் அவையும் உண்டு. ஆபத்து வேளையில் சி.ஆர்.எஃப். அந்தப் புள்ளியை வந்து அடைந்து அதைக் கிளப்பிவிடுகிறது.

இந்த இடத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் ரீட்டா வாலன்டினோ என்ற நரம்பியல் விஞ்ஞானி. பிலடெல்பியாவின் சிறுவர் வைத்தியசாலையில் அவருடைய ஆய்வுகூடம் இருந்தது. 2010இல் டெப்ரா பங்காசரும் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் இரவு வெகுநேரம் விழித்திருந்து வாசித்தேன். எலிகளைத் தண்ணீரில் நீந்தவைத்து மன அழுத்தத்துக்கு உள்ளாக்கினார்கள். பிறகு அந்த நீலப்புள்ளியின் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஆண் எலிகளில், சி.ஆர்.எஃப்.ஐப் பிடிக்கும் ஏற்பிகள் கலத்தின் மென்சவ்விலிருந்து உள்ளே இழுக்கப்பட்டிருந்தன. வானம் இருட்டியதும் கொடியில் காயும் துணியை நாம் உள்ளே எடுத்துவிடுவது போல, கலம் தன் ஏற்பிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. வெளியே சி.ஆர்.எஃப். எவ்வளவு வந்தாலும் அதைப் பிடிக்க ஆள் குறைவு, ஆகவே கலம் அமைதியடைகிறது. பெண் எலிகளில் அது நடக்கவில்லை. ஏற்பிகள் மேற்பரப்பிலேயே நின்றன. அவற்றை உள்ளே இழுக்க உதவும் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் பெண் எலிகளில் அந்த ஏற்பியோடு போதிய அளவு ஒட்டவில்லை. அதோடு, எந்த அழுத்தமும் கொடுக்காத நிலையிலும் பெண் எலியின் அந்தக் கலங்கள் மிகக் குறைந்த அளவு சி.ஆர்.எஃப்.க்கே துடித்தன. மன அழுத்தத்தோடு வரும் நோய்கள் ஆண்களைவிடப் பெண்களை ஏன் அதிகமாகப் பிடிக்கின்றன என்ற பழைய கேள்விக்கு, ஏற்பியின் மட்டத்தில் கிடைத்த ஒரு தடயம் இது.

வாசித்து முடித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அத்தை வீட்டுக்குப் போய், அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவரிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எலி, தண்ணீர், ஆண், பெண், உள்ளே போகும் ஏற்பி, போகாத ஏற்பி. மாமா உள்ளே படுத்திருந்தார். மழை இரவுகளிலும் அவர் தூங்கிவிடுவார். "உங்கள் மேல் பிழை இல்லை அத்தை, உங்கள் மூளை அப்படித்தான் அமைந்திருக்கிறது" என்று ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பாப்பா, எல்லாருக்கும் அது உள்ளே போய்விட்டால் தண்ணீர் நிறத்தை யார் பார்ப்பது?"

நான் பல நாட்களாகச் சுற்றிச் சுற்றி வந்த இடத்தை அந்தக் கேள்வி ஒரேயடியாகத் திறந்துவிட்டது. டாக்டர் அதைத் தேவையில்லாத பயம் என்றார். நான் அதை உடலமைப்பு என்று சொல்லி மன்னிக்கப் பார்த்தேன். அத்தைக்கு அது வேலை. லயத்தில் அத்தனை காம்பராக்களிலும் ஆட்கள் தூங்குகிறார்கள் என்றால், யாரோ விழித்திருக்கிறார்கள் என்பதால்தான் தூங்குகிறார்கள். புயல் இரவில் அந்த லயத்திலிருந்து எல்லோரும் இறங்கி வந்தது அத்தை போய்க் கதவு கதவாகத் தட்டியதால். கோப்பைத் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியதை அவர்தான் கண்டார். கூலி கிடைக்காத, பேர் போடப்படாத இந்த இரவு வேலையைச் செய்துவிட்டுத்தான் விடியற்காலையில் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போய், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுகிறார். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. இந்த ஓட்டத்தில் உடம்பு உடைந்துபோகிறது என்பது உண்மை. தலைவலி, நெஞ்சு படபடப்பு, மாதக்கணக்கில் ஆறாத வயிற்றெரிச்சல் எல்லாம் அவருக்கு இருக்கின்றன. அவருக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நோயின் வேர் அவருடைய தலைக்குள் இல்லை, சரிவில் இருக்கிறது என்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எலியில் கண்டதை அப்படியே தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்குப் பொருத்திவிட முடியாது. வாலன்டினோவின் குழுவும் அப்படிச் சொல்லவில்லை. நீந்தும் எலியின் சில நிமிடங்களுக்கும், ஆண்டுக்கணக்கில் ஐப்பசிக்குப் பயப்படும் ஒரு மனுஷிக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மேலும், இந்த ஆய்வைக் கையில் எடுத்துக்கொண்டு "பெண்களின் மூளை பலவீனமானது" என்று பேசக்கூடியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. ஏற்பி மேற்பரப்பில் நிற்பது பலவீனம் என்று அதில் எங்கும் எழுதியில்லை. ஆபத்து கடந்துபோன பிறகும் அது நின்றால் துன்பம். ஆபத்து இன்னும் கடந்துபோகவில்லை என்றால் அது நிற்பதுதானே சரி? ஆய்வுகூடத்தில் எலியைத் தண்ணீரிலிருந்து தூக்கித் துடைத்துக் கூட்டில் விட்டுவிடுகிறார்கள். அத்தையை இன்னும் யாரும் தூக்கவில்லை.

இந்த ஏற்பியை மருந்தால் மூடிவிடலாமே என்ற எண்ணம் விஞ்ஞானிகளுக்கும் வந்தது. 1993இல் ஏற்பியின் மரபணு கைக்குக் கிடைத்தது. 1998இல், அந்த ஏற்பியே இல்லாமல் பிறக்கவைத்த எலிகள் பயம் குறைந்தவையாக இருப்பதைக் கண்டார்கள். மருந்துக் கம்பனிகள் முண்டியடித்தன. மனச்சோர்வுக்கு, பதற்றத்துக்கு, குடிப்பழக்கத்துக்கு என்று எத்தனையோ பரிசோதனைகள். பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. மனவடுவோடு வாழும் பெண்களிடம் மட்டும் நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2017இல் வெளிவந்தது. ஏற்பியை அடைக்கும் மாத்திரை, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட எந்த விதத்திலும் மேலான பலனைத் தரவில்லை. கடைசியில் அந்த இனத்து மருந்து ஒன்று 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, ஆனால் பயத்துக்காக அல்ல. அட்ரினல் சுரப்பி பிறவியிலேயே பிழையாக இயங்கும் ஒரு நோய்க்காக. அந்த நோயாளிகளுக்கு அது பெரிய வரம், அதில் எனக்கு மகிழ்ச்சி. பயத்துக்கு மட்டும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்து நிறுத்தினால் ஒரு வாழ்க்கையின் பயம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தது கொஞ்சம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

முன்கூட்டியே ஒலித்த சத்தம்

என் வாசிப்பில் நான் மிகவும் பிடித்துக்கொண்ட ஆய்வு இவை எல்லாவற்றையும்விடப் பழையது. 1970ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் என்பவர் செய்தது. இரண்டு எலிகளுக்கு வாலில் ஒரே நேரத்தில், ஒரே அளவில் மின்னதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும், அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்கும். மற்றதற்குச் சத்தம் வரும், போகும், ஆனால் அதற்கும் அதிர்ச்சிக்கும் சம்பந்தம் இருக்காது. இரண்டும் பட்ட வேதனை சமம். ஆனால் எப்போது வரும் என்று தெரியாத எலியின் இரைப்பையில் புண் மிக அதிகமாக இருந்தது. தெரிந்த எலியின் வயிறு ஏறத்தாழத் தப்பித்துவிட்டது. இதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கம் எனக்கு நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. நம்பக்கூடிய சத்தம் ஒன்று இருந்தால், சத்தம் இல்லாத நேரமெல்லாம் பத்திரமான நேரம். அப்போது எலி ஓய்வெடுக்கலாம். அப்படி ஒன்று இல்லாவிட்டால் பத்திரமான நேரம் என்று எதுவுமே கிடையாது, இருபத்துநான்கு மணித்தியாலமும் காவல்தான்.

அத்தைக்குத் தேவை அப்படி ஒரு சத்தம். நாட்டில் எச்சரிக்கை முறை இல்லாமல் இல்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், சிவப்பு. வெளியேற வேண்டும். தெளிவான, அறிவுள்ள அளவுகள். ஆனால் அறிவிப்பு ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் வருகிறது. மலையகத்தில் ஒரு முகட்டுக்கு அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் மழை. மஞ்சள் என்று நாட்கணக்கில் நிற்கும், லயத்தில் ஒன்றும் நடக்காது. எச்சரிக்கை எதுவும் இல்லாதபோது பின்சுவரில் ஈரம் கசியும். தொலைபேசிக்கு வந்த செய்தி வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த நாட்களும் உண்டு. வைஸின் இரண்டாவது எலிக்கு ஒலித்த சத்தம் போலத்தான் அது, ஒலிக்கிறது ஆனால் நம்ப முடியவில்லை. அதனால்தான் அத்தை தன் கோப்பையை நம்புகிறார். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மழைமானி, அதைப் பார்க்கப் பழகிய இரண்டு பேர், அவர்களுடைய அந்த இரவு வேலைக்குச் சம்பளம், மலையில் ஓர் எச்சரிக்கைச் சங்கு. இதற்குக் கோடிக்கணக்கில் காசு தேவையில்லை. கிராம மட்டத்தில் மழைமானிகள் கொடுக்கப்பட்ட இடங்கள் நாட்டில் உண்டு. எங்கள் பக்கத்து லயங்களுக்கு அவை வரவில்லை.

மழைமானி உயிரைக் காப்பாற்றும், நிம்மதியான நாள்களைக் கொடுக்கும். ஆனாலும் அது ஒத்திவைப்புத்தான். கடைசித் தீர்வு காணி. மீரியபெத்தையில் தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் துணியால் மறைப்புக் கட்டிக்கொண்டு காலம் தள்ளி, 2016இல்தான் பூனாகலைப் பக்கம் கட்டிய வீடுகளுக்குப் போனார்கள். அத்தையின் லயத்துக்கும் அளக்க வந்தார்கள், அதிக ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கடதாசி இருக்கிறது. மாற்றுக் காணி இல்லை. ஒரு இடம் ஆபத்தானது என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, அங்கே இருக்கிறவருடைய பயத்தை மட்டும் தேவையில்லாதது என்று சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி? இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். அத்தையின் கிளினிக் கொப்பியில் இனிமேல் நான் அந்தக் கடதாசியின் பிரதியையும் வைத்து அனுப்புகிறேன். அடுத்த தடவை பார்க்கும் டாக்டர் இரத்த அழுத்தத்தோடு அதையும் பார்க்கட்டும்.

என் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் ஓரிருவர் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ மருத்துவமும் விஞ்ஞானமும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை சொல்ல ஆசைப்படுகிறேன். எலிக்குச் செய்யும் கொடுமையை மனிதருக்குச் செய்யத் தேவையில்லை, மலையகம் தானாகவே அந்தப் பரிசோதனையை நடத்திக்கொண்டிருக்கிறது. ஒரே தோட்டத்து வேலை, ஒரே கூலி, ஒரே சாப்பாடு, ஒரே இழப்பு. சில பெண்கள் சரிவிலிருந்து பத்திரமான காணிக்குப் போய்விட்டார்கள், சிலர் இன்னும் சரிவிலேயே இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களிடமும் அனுமதி கேட்டு, ஐப்பசியிலும் மாசியிலும் அவர்கள் எத்தனை மணித்தியாலம் தூங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் உமிழ்நீரில் கோர்ட்டிசோலைப் பாருங்கள், ஊசி கூடத் தேவையில்லை. ஓமோன் கூடியிருந்தால் அழுத்தம், குறைந்திருந்தால் நிம்மதி என்று அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள், நீண்டகால மனவடுவில் அது குறைந்தும் காணப்படலாம். இடம் மாறியவர்களுக்கு எத்தனை மழைக்காலம் கழித்து உறக்கம் திரும்பியது என்று கேளுங்கள். திரும்பவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அளக்கப் போகும்போது கரிக்கோட்டையும் பீங்கான் கோப்பையையும் பற்றி விசாரித்து, அவற்றையும் அட்டவணையில் சேருங்கள். ஆய்வை வெளியிடும்போது தமிழில் ஒரு பிரதி லயத்துக்கு அனுப்புங்கள். என் அத்தைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும்.